இரு துறைகள் சேர்ந்து தரும் ஒரு சிகிச்சை: மூக்குத்தொண்டைப் புற்றுநோய்க்கு நான் பெற்ற கீமோ-கதிர்வீச்சு பற்றிய மதிப்புரை

முற்றிய நிலையில் கண்டறியப்பட்ட மூக்குத்தொண்டைப் புற்றுநோய்க்காக, கீமோதெரபியும் கதிர்வீச்சும் இணைந்த சிகிச்சையை ஏறத்தாழ நான்கு மாதங்கள் பெற்று, அதன்பின் ஓராண்டு மாத்திரையும் சாப்பிட்டு முடித்திருக்கிறேன். இந்த மதிப்புரை முதலில் அந்தச் சிகிச்சையைப் பற்றியது. அதை எனக்குத் தந்த மருத்துவமனையைப் பற்றியும் ஓரளவு சொல்ல வேண்டியிருக்கிறது. சிகிச்சைக்கு ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். அதை நடத்திய விதத்துக்கு இரண்டுக்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை. ஒரே சேவைக்கு இரண்டு மதிப்பெண்கள் ஏன் என்பதற்கான விளக்கமே கீழே வருவது.

மூக்கின் பின்புறம், உள்நாக்குக்கு மேலே, மண்டையோட்டின் அடித்தளத்தை ஒட்டியிருக்கும் சிறிய அறைதான் மூக்குத்தொண்டை. கண்ணாடி முன் நின்று எவ்வளவு அகலமாக வாயைத் திறந்தாலும் அது தெரியாது. அதன் இரு பக்கச் சுவர்களிலும் ஒரு குழிவு உண்டு. புற்றுநோய் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. நடுச்செவியையும் தொண்டையையும் இணைக்கும் குழாயின் வாய் அந்தக் குழிவுக்குப் பக்கத்திலேயே இருப்பதால், கட்டி வளர்ந்து அதை அடைக்கும்போது காதுக்குள் நீர் கோத்துக்கொள்கிறது. எனக்கு இடது காது ஐந்து மாதங்கள் அடைத்திருந்தது. சளி என்று நினைத்தேன். சளிக்கான மருந்தையே வாங்கிச் சாப்பிட்டேன். கழுத்தில் வலியே இல்லாத ஒரு கட்டி தட்டுப்பட்ட பிறகுதான், காது மூக்குத் தொண்டை மருத்துவர் ஒருவர் மூக்கின் வழியாக உள்நோக்கியைச் செலுத்திப் பார்த்துச் சதைத் துணுக்கு எடுத்து அனுப்பினார். பெரியவர்களுக்கு ஒரு பக்கக் காதில் மட்டும் காரணமின்றி நீர் கோத்து நின்றால் மூக்குத்தொண்டையைப் பார்த்துவிட வேண்டும் என்பது அந்தத் துறையினருக்கு நன்கு தெரிந்த விதி. என்னை முதலில் பார்த்த இரு மருத்துவர்களுக்கு அது நினைவுக்கு வரவில்லை.

அவர்களை முழுமையாகக் குறை சொல்லவும் முடியாது. 2020இல் உலகம் முழுவதும் ஏறத்தாழ 1,33,000 பேருக்கு இந்த நோய் புதிதாகக் கண்டறியப்பட்டதாகக் கணக்கு. அவர்களில் பெரும்பாலோர் சீனாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் இருந்தவர்கள். வட ஆப்பிரிக்காவிலும் இது ஓரளவு காணப்படுகிறது. மற்ற இடங்களில் ஒரு மருத்துவர் தம் வாழ்நாளில் சிலரைப் பார்த்தாலே அதிகம். நோய் ஒளிந்திருக்கும் இடம் ஒருபுறம், அது அரிதாக இருப்பது மறுபுறம். பெரும்பாலான நோயாளிகள் கழுத்து நிணநீர்க் கணுக்களுக்குப் பரவிய பிறகே மருத்துவமனைக்கு வந்து சேர்கிறார்கள். என்னுடையது மூன்றாம் நிலை. மண்டையோட்டு எலும்பைத் தொட்டிருந்தது. கழுத்தின் இரு பக்கங்களிலும் கணுக்கள் இருந்தன. நுரையீரலிலோ கல்லீரலிலோ எலும்புகளிலோ எதுவும் இல்லை. ‘முற்றியது’ என்ற சொல்லைக் கேட்டதும் எல்லாம் முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். தொலைவிலுள்ள உறுப்புகளுக்குப் பரவாத வரை, இந்த நோயில் அந்தச் சொல்லுக்குக் குணப்படுத்தக்கூடிய நோய் என்ற பொருளும் உண்டு என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு வாரங்கள் ஆயின.

அறுத்து எடுத்துவிடக் கூடாதா என்பதே வீட்டில் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி. கட்டி இருக்கும் இடத்தைச் சுற்றி மூளைத்தண்டு, பார்வை நரம்புகள், மூளைக்குச் செல்லும் பெரிய இரத்தக் குழாய்கள் என்று கத்தி தொடக்கூடாதவை நெருங்கிக் கிடக்கின்றன. மாறாக, கெரட்டின் (தோலிலும் நகத்திலும் இருக்கும் கடினப் புரதம்) உருவாகாத வகையைச் சேர்ந்த மூக்குத்தொண்டைக் கட்டிகள் கதிர்வீச்சுக்கு நன்றாக இளகிக் கொடுப்பவை. ஆகவே இந்த நோயில் முதன்மைச் சிகிச்சை கதிர்வீச்சுதான். கீமோதெரபி அதற்குத் துணையாக வருகிறது. இதைத் தொடக்கத்திலேயே புரிந்துகொண்டால் பின்னால் பல முடிவுகளை எடுப்பது எளிதாகும். துணை மருந்தின் ஒரு தவணை குறைந்தால் பெரிதாகக் கலங்க வேண்டியதில்லை; கதிர்வீச்சில் ஒரு வாரம் விடுபட்டால் கட்டாயம் கலங்க வேண்டும்.

அந்தத் துணை மருந்து இரண்டு வேலைகளைச் செய்கிறது. கதிர்வீச்சு உயிரணுவின் டிஎன்ஏ இழையை உடைக்கிறது. புற்றணு அந்த உடைப்பைச் சீர்செய்துகொள்ளப் பார்க்கிறது. சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து அதே இழையில் பிளாட்டின அணுவைக் கொண்டு முடிச்சுப் போட்டுவிடுவதால் சீரமைப்பு தடுமாறுகிறது. இது கட்டி இருக்கும் இடத்தில் நடக்கும் வேலை. இன்னொன்று, கதிர் விழாத தொலைவிடங்களில், எந்த ஸ்கேனிலும் தெரியாத அளவுக்குச் சிதறியிருக்கக்கூடிய புற்றணுக்களைத் தேடிப் பிடிப்பது. இன்றைய நுட்பமான கதிர்வீச்சு, மூக்குக்குப் பின்னாலும் கழுத்திலும் இருக்கும் நோயைப் பெரும்பாலும் அடக்கிவிடுகிறது. நோய் திரும்பி வந்தால் நுரையீரல், எலும்பு, கல்லீரல் போன்ற தொலைவிடங்களில் வருவதே இப்போதைய பெருங்கவலை. ஆகவே இரண்டாவது வேலையின் மதிப்பு நாளுக்கு நாள் கூடிக்கொண்டே வருகிறது.

இந்தச் சேர்க்கையின் புகழ் 1998இல் தொடங்குகிறது. அமெரிக்காவில் நடத்தப்பட்டு, 0099 என்ற எண்ணால் அறியப்படும் ஆய்வின் முடிவு அந்த ஆண்டில் வெளியானது. 147 நோயாளிகளை அலசிய அந்த ஆய்வில், கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் மூன்றாண்டுக்குப் பின் உயிருடன் இருந்தோர் 47 சதவீதம். கதிர்வீச்சோடு சிஸ்பிளாட்டினும், அதன்பின் சிஸ்பிளாட்டின், ஃப்ளூரோயூராசில் என்ற இரு கீமோ மருந்துகளின் கூட்டும் பெற்றவர்களில் 78 சதவீதம். புற்றுநோய் மருத்துவத்தில் 31 புள்ளிகள் இடைவெளி என்பது கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்க்க வைக்கும் எண். ஆனால் அதை அப்படியே கையில் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போகக்கூடாது. அந்த ஆய்வில் கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களுக்குக் கிடைத்த பலன், இந்த நோயை அதிகம் பார்க்கும் ஆசிய மையங்களில் அதே சிகிச்சைக்குக் கிடைத்துவந்ததைவிட மோசமாக இருந்தது. கெரட்டின் வகைக் கட்டி உடையவர்களும் அங்கே கூடுதலாகச் சேர்ந்திருந்தார்கள். பிறகு தைவானில் 284 பேரிடம் நடந்த ஆய்வில் ஐந்தாண்டு உயிர்வாழ்வு 54 சதவீதத்திலிருந்து 72 ஆகவும், சிங்கப்பூரில் 221 பேரிடம் நடந்த ஆய்வில் மூன்றாண்டு உயிர்வாழ்வு 65இலிருந்து 80 ஆகவும் உயர்ந்தன. 2015இல் 19 ஆய்வுகளையும் 4,806 நோயாளிகளையும் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தபோது, கீமோவைச் சேர்ப்பதால் ஐந்தாண்டு உயிர்வாழ்வில் கிடைக்கும் கூடுதல் பலன் 6.3 புள்ளிகள் என்று வந்தது. கடை வாசலில் எழுதியிருந்தது 31. வீட்டுக்கு எடுத்து வந்து நிறுத்துப் பார்த்தால் 6. அந்த 6 என்பதும் சும்மா வந்ததல்ல. நூறு பேரில் கூடுதலாக ஆறு பேர் உயிரோடிருக்கிறார்கள். இதைச் சொல்லிவிட்டு என் கையெழுத்தைக் கேட்டிருந்தால் உடனே போட்டிருப்பேன். 31ஐ மட்டும் சொல்லிக் கேட்டார்கள். 6ஐ நானாகத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

கீமோவைக் கதிர்வீச்சுக்கு முன்னால் தருவதா, கூடவே தருவதா, பின்னால் தருவதா என்பது அடுத்த கேள்வி. முற்றிய நோய்க்குக் கூடவே தருவது பரவலாக ஏற்கப்பட்ட முறை. 1998 ஆய்வில் பின்னால் தந்த சிஸ்பிளாட்டின்–ஃப்ளூரோயூராசில் பகுதி, 2012இல் வெளியான 508 பேர் கொண்ட சீன ஆய்வில் அவ்வளவாகச் சோபிக்கவில்லை; இரண்டாண்டுகளில் நோய் திரும்பாமல் இருந்தோர் அதைப் பெற்றவர்களில் 86 சதவீதம், பெறாதவர்களில் 84. கதிர்வீச்சு முடிந்து வாய் வெந்து கிடக்கும் நேரத்தில் அந்த மருந்துகளைத் தாங்குவதும் கடினம். பலர் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். முன்னால் தருவதற்கான வலுவான சான்று 2019இல் வந்தது. 480 பேரில் பாதிப் பேருக்கு ஜெம்சிடபின் என்ற இன்னொரு கீமோ மருந்தும் சிஸ்பிளாட்டினும் மூன்று சுற்றுகள் கொடுத்துவிட்டுப் பிறகு கீமோ-கதிர்வீச்சைத் தொடங்கினார்கள். நோய் திரும்பாமல் மூன்றாண்டு கடந்தவர்கள் 85.3 சதவீதம், முன்சுற்று பெறாதவர்களில் 76.5. ஐந்தாண்டுக் கணக்கில் உயிருடன் இருந்தோர் 87.9 சதவீதமும் 78.8 சதவீதமும். எனக்குத் தரப்பட்டது இந்த வரிசைதான்: மூன்று சுற்று ஜெம்சிடபின்–சிஸ்பிளாட்டின், பிறகு 33 நாள் கதிர்வீச்சு, அதற்கு நடுவே மூன்று வாரங்களுக்கு ஒருமுறை சிஸ்பிளாட்டின்.

முன்சுற்றுகள் எதிர்பார்த்ததைவிட எளிதாகக் கழிந்தன. முதல் நாளில் ஜெம்சிடபினும் சிஸ்பிளாட்டினும், எட்டாம் நாளில் ஜெம்சிடபின் மட்டும், 21 நாளில் அடுத்த சுற்று. சிஸ்பிளாட்டின் நாள் மட்டும் நீண்ட நாள். சிறுநீரகத்தைக் காக்க முன்னும் பின்னும் மெக்னீசியமும் பொட்டாசியமும் கலந்த உப்புநீரை இரத்தக்குழாய் வழியே ஏற்றுகிறார்கள். காலையில் படுத்தால் மாலை வரை அந்தப் பாட்டில்களோடுதான் உறவு. வாந்தியைப் பற்றிப் பழைய கதைகள் நிறையக் கேட்டிருந்தேன். ஓண்டான்செட்ரான், டெக்ஸாமெத்தசோன், ஒலான்சபின் முதலிய வாந்தித் தடுப்பு மருந்துகளைச் சரியான நேரத்தில் தந்ததால் மூன்று சுற்றுகளிலும் சேர்த்து இரண்டு முறைதான் வாந்தி எடுத்தேன். முதல் சுற்று முடிந்த பத்தாம் நாள் சவரம் செய்யும்போது கழுத்துக் கட்டியைத் தேட வேண்டியிருந்தது. கீமோ பிரிவின் செவிலியர்களைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை.

இங்கே ஒரு கிளைச் செய்தி. கதிர்வீச்சைப் பேச்சுவழக்கில் ‘கரண்ட் வைப்பது’ என்கிறோம். நோயாளியின் உடலில் மின்சாரம் எதுவும் பாய்வதில்லை. இயந்திரத்திலிருந்து வருவது உயர் ஆற்றல் எக்ஸ் கதிர். உண்மையில் கரண்டோடு தொடர்புடையது கீமோ மருந்துதான். 1965இல் பார்னெட் ரோசன்பர்க் என்ற விஞ்ஞானி, மின்புலத்தில் பாக்டீரியாக்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்று பார்ப்பதற்காகப் பிளாட்டினத் தகடுகள் வழியே மின்சாரத்தைச் செலுத்தினார். பாக்டீரியாக்கள் பிரிந்து பெருகுவதை நிறுத்திவிட்டு நூல் போல நீண்டன. காரணம் மின்சாரம் அல்ல, தகட்டிலிருந்து கரைந்த பிளாட்டினம் என்று பிறகு தெரிந்தது. அதிலிருந்து வந்த சிஸ்பிளாட்டின் 1978இல் அமெரிக்காவில் மருந்தாக அனுமதி பெற்றது. பக்கத்துப் படுக்கைக்காரரிடம் இதைச் சொன்னேன். “அப்படியானால் இரண்டு பக்கமும் கரண்ட்தான், ஐயா” என்றார்.

குறை தொடங்குவது இரண்டு துறைகளும் சந்திக்கும் இடத்தில். முன்சுற்றுகள் கட்டியைச் சுருக்கிவிடுவதால், கதிர்வீச்சுத் திட்டம் போடும் மருத்துவருக்குக் கட்டி இப்போது எங்கே இருக்கிறது என்பதோடு, கீமோவுக்கு முன் எங்கெல்லாம் இருந்தது என்பதும் தெரிய வேண்டும். எலும்பில் பரவியிருந்த இடத்தைச் சுருங்கிய படத்தை மட்டும் பார்த்து விட்டுவிடக் கூடாது. அதற்கு முதல் எம்ஆர்ஐ படம் வேண்டும். என் முதல் எம்ஆர்ஐ எடுக்கப்பட்டது காது மூக்குத் தொண்டைப் பிரிவின் பரிந்துரையில். அதன் வட்டு கீமோ பிரிவின் கோப்பில் இருந்தது. கதிர்வீச்சுப் பிரிவு அதே கட்டடத்தில் இரண்டு தளங்கள் கீழே இருந்தது. திட்டமிடும் நாளில் அவர்கள் கையில் இருந்தது இரண்டாவது படம் மட்டும். “முதல் படம் எங்கே?” என்று என்னிடம்தான் கேட்டார்கள். மாடிக்குப் போய், கோப்பைத் தேடி எடுத்து, கையெழுத்துப் போட்டு வட்டை வாங்கிக்கொண்டு நானே இறங்கி வந்தேன். அன்று ஒரு துணிப்பை வாங்கினேன். அதற்குப் பின் என்னைப் பற்றிய எந்தத் தாளும் அந்தப் பையில் ஒரு நகல் சேராமல் எந்தத் துறைக்கும் போகவில்லை. ஆய்வுக் கட்டுரைகளில் கீமோவும் கதிர்வீச்சும் ஒரே வாக்கியத்தில் வருகின்றன. மருத்துவமனையில் அவற்றை இணைத்தது அந்தப் பைதான்.

கதிர்வீச்சுப் பிரிவின் வேலைநுட்பத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சூடான நீரில் இளக்கிய பிளாஸ்டிக் வலையை முகத்தின் மீதும் தோள்களின் மீதும் படிய வைத்து, அது இறுகியதும் முகமூடியாக்கிவிடுகிறார்கள். ஒவ்வொரு நாளும் அந்த முகமூடியை மேசையோடு பூட்டித்தான் கதிர் செலுத்துகிறார்கள். தலை சில மில்லிமீட்டர்கூட நகரக்கூடாது. மூடிய இடங்களில் மூச்சுத் திணறுவதாக உணர்பவர்கள் இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கண் பகுதியை வெட்டித் திறந்து தருகிறார்கள். தீவிரம் மாற்றிய கதிர்வீச்சு என்ற முறையில், பல கோணங்களிலிருந்து வரும் கதிரின் வலிமையைத் துண்டு துண்டாக மாற்றி, கட்டிக்கு 70 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) அளவு போய்ச் சேரும்போது மூளைத்தண்டுக்கும் கண் நரம்புக்கும் உமிழ்நீர்ச் சுரப்பிக்கும் முடிந்தவரை குறைவாகப் போகும்படி செதுக்குகிறார்கள். வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் 33 அமர்வுகள், ஏறத்தாழ ஆறரை வாரங்கள். ஒவ்வொரு அமர்வும் மேசையில் ஏறி இறங்குவது உட்பட இருபது நிமிடங்களுக்குள் முடிந்துவிடும். அந்த நிமிடங்களில் வலி ஏதும் இல்லை. இயந்திரம் ஒரு நாள் பழுதானபோது, விடுபட்ட அமர்வை அந்த வாரச் சனிக்கிழமையே வரவழைத்துக் கொடுத்தார்கள். மொத்தக் காலம் நீண்டால் புற்றணுக்கள் இடைவெளியில் தழைத்துக்கொள்ளும் என்பதால் இது சலுகையன்று, சிகிச்சையின் பகுதி. அதை உணர்ந்து நடந்துகொண்ட பிரிவுக்கு நன்றி சொல்கிறேன்.

வலி எல்லாம் பிற்பாடுதான். மூன்றாம் வாரத்தில் நாக்குக்குச் சுவை போயிற்று. உப்பு முதலில் போனது. கடைசியில் எல்லாம் ஒரே ஈர அட்டையாகிவிட்டது. நான்காம் வாரம் வாயின் உட்புறமும் தொண்டையும் தோலுரிந்து புண்ணாயின. கதிர்வீச்சு மட்டும் பெறுகிறவர்களுக்கும் புண் வரும். சிஸ்பிளாட்டின் சேரும்போது அது முன்னதாகவும் ஆழமாகவும் வருகிறது. கட்டியில் நடக்கும் அதே சேர்க்கை வேலை வாயின் மென்தோலிலும் நடக்கிறது என்பதை யாராவது முன்பே விளக்கியிருந்தால் அந்த வாரங்களில் என்ன தவறு நடந்துவிட்டதோ என்று அஞ்சியிருக்க மாட்டேன். எச்சிலை விழுங்குவதற்கு முன் மனத்தைத் தயார்படுத்திக்கொள்ள வேண்டியிருந்தது. வலி மருந்து ஊசி நிலைக்குப் போயிற்று. பிறகு மூக்கு வழியே உணவுக்குழாய் வைத்தார்கள். குழாயை நான் பத்து நாள் தள்ளிப்போட்டேன். அது என் பிழை. அந்தப் பத்து நாளில் இழந்த எடைக்குக் காரணம் வீம்பு.

எடை விஷயத்தில் துறைகளின் பங்கும் உண்டு. கீமோ பிரிவில் ஒவ்வொரு வாரமும் எடை பார்த்துக் குறித்தார்கள். நான்கு வாரங்களில் ஆறு கிலோ குறைந்திருந்தது. கழுத்து மெலிந்ததால் முகமூடி தளர்ந்தது. உள்ளே தாடை சற்றே அசைவதை நானே உணர்ந்தேன். தளர்ந்த முகமூடியில் தலை நகரலாம். கழுத்து சுருங்கும்போது உமிழ்நீர்ச் சுரப்பிகளும் உள்நோக்கி நகர்ந்து, திட்டத்தில் கணக்கிட்டதைவிட அதிகக் கதிரை வாங்கிக்கொள்ளும். எடை குறைந்த செய்தி ஒரு துறையின் தாளில் இருந்தது; அதனால் மாற்ற வேண்டிய திட்டம் இன்னொரு துறையின் கணினியில் இருந்தது. இரண்டையும் பொருத்திப் பார்த்தவர் கதிர்வீச்சுத் தொழில்நுட்பர் ஒருவர், மருத்துவர் அல்லர். முகமூடியின் விளிம்புக்கும் என் கழுத்துக்கும் இடையில் தம் விரல் நுழைவதைக் கண்டு அன்றைய அமர்வுக்கு முன்பே மருத்துவரை அழைத்தார். புதிய முகமூடி, புதிய சிடி படம், புதிய திட்டம். என் வாயில் இன்று ஓரளவு ஈரம் இருக்கிறதென்றால் அந்த விரலுக்கும் அதில் பங்குண்டு.

செவித்திறனை யாரும் அப்படிப் பிடித்துக்கொள்ளவில்லை. இந்த நோயில் காது கேளாமைக்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். கட்டி குழாயை அடைத்து நீர் கோப்பது ஒன்று. இது பெரும்பாலும் மீளக்கூடியது. சிஸ்பிளாட்டின் உட்செவியின் மயிரணுக்களைக் கொல்வது இன்னொன்று. இது மீளாதது, இரு காதுகளிலும் உயர்ந்த ஒலிகளிலிருந்து தொடங்குவது. உட்செவிக்குப் போகும் கதிர்வீச்சு மூன்றாவது. சிகிச்சை முடிந்து பல மாதங்களுக்குப் பின்னும் வளரக்கூடியது. மூன்றையும் பிரித்தறிய வேண்டுமென்றால் முதல் சொட்டு சிஸ்பிளாட்டின் ஏறுவதற்கு முன்பே செவித்திறன் பரிசோதனை செய்திருக்க வேண்டும். எனக்குச் செய்யவில்லை. கதிர்வீச்சோடு சேர்ந்த முதல் தவணைக்குப் பின் இரு காதுகளிலும் மெல்லிய இரைச்சல் தொடங்கியது. கதிர்வீச்சு மருத்துவரிடம் சொன்னேன். அது கீமோ மருந்தின் விளைவாக இருக்கும், அவர்களிடம் கேளுங்கள் என்றார். கீமோ மருத்துவர், கட்டியும் கதிரும் காதுக்குப் பக்கத்தில்தானே இருக்கின்றன, அங்கே கேளுங்கள் என்றார். இருவரும் சொன்னது உண்மைதான். இரண்டு உண்மைகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தவன் நான். கடைசியில் யாருடைய சீட்டும் இல்லாமல் நானே போய்ப் பரிசோதித்துக்கொண்டேன். 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலான உயர்ந்த ஒலிகளில் இரு காதுகளிலும் சரிவு. இடது காதில் அதோடு நீர்க்கோப்பும். முன்பு எப்படி இருந்தது என்ற கோடு இல்லாததால், எந்தச் சரிவு எதனால் வந்தது என்று அந்தத் தாளால் சொல்ல முடியவில்லை.

பல் மருத்துவத்தை நல்ல முறையில் செய்தார்கள் என்பதையும் பதிவு செய்ய வேண்டும். உமிழ்நீர் குறைந்தால் பற்கள் விரைவில் சொத்தையாகும்; கதிர்பட்ட தாடையில் பின்னாளில் பல் பிடுங்கினால் எலும்பு ஆறாமல் மடிந்துபோகும் ஆபத்து உண்டு. ஆகவே பிடுங்க வேண்டியதைக் கதிர்வீச்சு தொடங்குவதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்பே பிடுங்கி ஆற விடுகிறார்கள். எனக்கு இரண்டு கடைவாய்ப் பற்கள் போயின. ஃப்ளூரைடு பூச்சுக்கான அச்சும் செய்து தந்தார்கள். பல் பிரிவுக்கு இருந்த இந்த முன்யோசனை காதுக்கு ஏன் இல்லாமல் போயிற்று என்பதுதான் எனக்கு விளங்காதது.

மூன்றாவது சிஸ்பிளாட்டின் தவணையை எனக்குத் தரவில்லை. சிறுநீரகம் தளர்வதைக் காட்டும் கிரியாட்டினின் இரத்தத்தில் ஏறியிருந்தது, காது இரைச்சலும் இருந்தது. சதுர மீட்டர் உடற்பரப்புக்கு 200 மில்லிகிராம் என்ற மொத்த அளவைக் கதிர்வீச்சின்போது எட்டிவிட்டால் பலனில் பெரும்பகுதி கிடைத்துவிடும் என்பது பொதுவான கருத்து. இரண்டு தவணைகளில் அதை எட்டியிருந்தேன். அதை நிறுத்தும் முடிவு சரியானது. அதற்காகக் கதிர்வீச்சு ஒரு நாளும் நிற்கவில்லை.

கதிர்வீச்சு முடிந்ததும் இரத்தத்தில் எப்ஸ்டீன்-பார் வைரஸின் டிஎன்ஏவை அளந்தார்கள். இந்த நோயின் உயிரணுக்களுக்குள் அந்த வைரஸ் பெரும்பாலும் குடியிருப்பதால், கட்டி இருக்கும் வரை அதன் துணுக்குகள் இரத்தத்தில் மிதக்கின்றன. சிகிச்சைக்குப் பின் அவை காணாமற்போவது நல்ல அறிகுறி, தொடர்ந்து இருப்பது எச்சரிக்கை. எனக்குச் சுழியம் வந்தது. 1964இல் இந்த வைரஸைக் கண்டறிந்து எழுதிய கட்டுரையில் எப்ஸ்டீன், அச்சாங், பார் என்று மூவர் பெயர்கள் இருந்தன. வைரஸுக்குப் பெயர் வைத்தபோது நடுவிலிருந்த அச்சாங் விடுபட்டுப்போனார். எத்தனையோ பரிசோதனைச் சீட்டுகளில் அந்தப் பெயரைப் பார்த்துவிட்ட எனக்கு இது ஏனோ உறுத்துகிறது.

அதன்பின் ஓராண்டு கேப்சிடபின் என்ற கீமோ மாத்திரை, குறைந்த அளவில், நாளுக்கு இரண்டு வேளை. 406 பேரிடம் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், இப்படி ஓராண்டு சாப்பிட்டவர்களில் மூன்றாண்டுக்குப் பின் நோய் திரும்பாதோர் 85.3 சதவீதம், சாப்பிடாதவர்களில் 75.7. உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து உரிந்தன. அதைத் தவிரப் பெரிய தொல்லை இல்லை. ஒரே மருத்துவர் தந்து ஒரே மருத்துவர் கண்காணித்த பகுதி இது. மொத்தச் சிகிச்சையில் எதையும் நான் தூக்கிக்கொண்டு அலையாத ஆண்டும் இதுவே.

யாருக்கு இதைப் பரிந்துரைப்பேன் என்று கேட்டால், மூன்றாம் நிலையிலும் தொலைவில் பரவாத நான்காம் நிலையிலும் உள்ள, சிறுநீரகமும் இதயமும் தாங்கக்கூடிய எவரும் இந்த வரிசையைத் தயங்காமல் ஏற்கலாம். இரண்டாம் நிலையிலேயே கண்டறியப்பட்டவர்கள், கீமோ கட்டாயமா என்று கேட்டுவிடுவது நல்லது. ஆபத்து குறைந்தவர்களில் கதிர்வீச்சு மட்டுமே ஏறத்தாழ அதே பலனைத் தந்ததாக 2022இல் ஓர் ஆய்வு வந்திருக்கிறது. சிறுநீரகம் பலவீனமானவர்களுக்குச் சிஸ்பிளாட்டினுக்குப் பதில் வேறு பிளாட்டின மருந்துகள் உண்டு. எந்த மருத்துவமனையானாலும் தொடங்கும் முன் நான் கேட்கச் சொல்வது இவைதான்: இரு துறை மருத்துவர்களும் என்னைப் பற்றி ஒரே மேசையில் அமர்ந்து பேசினீர்களா, முதல் எம்ஆர்ஐ இப்போது யாரிடம் இருக்கிறது, செவித்திறன் பரிசோதனை என்றைக்கு, எடை குறைந்தால் முகமூடியைப் பார்ப்பது யார்.

இப்போது ஆறு மாதங்களுக்கு ஒருமுறை தைராய்டு சோதனை செய்துகொள்கிறேன். கழுத்துக்குக் கதிர் போனவர்களுக்கு அந்தச் சுரப்பி மெல்லச் சோர்ந்துபோவது வழக்கம். தண்ணீர்ப் பாட்டில் இல்லாமல் வெளியே போவதில்லை. வாயைத் திறக்கும் பயிற்சியைக் காலையும் மாலையும் செய்கிறேன். செய்யாத வாரங்களில் தாடை இறுகிவிடுகிறது. சுவை ஏறத்தாழ முழுவதும் திரும்பிவிட்டது. இரைச்சல் நிற்கவில்லை, பழகிவிட்டது. கடைசியாகப் போனபோது கீமோ மருத்துவர் காது எப்படி இருக்கிறது என்று அவராகவே கேட்டார். பழைய அறிக்கையைக் கோப்பில் தேடினார், கதிர்வீச்சுப் பிரிவுக்கும் போன் செய்து கேட்டார், அங்கும் இல்லை. நான் பையைத் திறந்தேன்.